லுசிக்கே குடிக்காத தண்ணீர்

கென்யாவின் மேற்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே நெலிமாதான் மருத்துவச்சி. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள் ரெபெக்கா. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம், பேரன் எடுக்கிற வயது. ஆனால் பேரன் தங்கவில்லை. மருமகள் லுசிக்கேயின் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. இப்போது மறுபடி ஏழாம் மாதம்.

ரெபெக்கா கற்றதையெல்லாம் முதலில் தன் வீட்டில்தான் செய்து பார்த்தாள். ஊரிலேயே முதல் கழிப்பறை அவள் வீட்டு முற்றத்தில்தான் எழுந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மருமகளின் கைக்கெட்டும் இடத்தில் மூடி வைப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் காலை நெலிமாவின் வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"லுசிக்கேவுக்குக் காய்ச்சல், டீச்சர். சிறுநீரில் ரத்தம். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது."

"தண்ணீர் குடிக்கிறாளா?"

"பகலில் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள். கெஞ்சினேன், திட்டினேன். அப்படி என்ன பிடிவாதமோ."

நெலிமா மருந்துப் பையை எடுத்துக்கொண்டு உடன் நடந்தாள். லுசிக்கேவுக்கு ஊசி போட்டாள். பிறகு பானையிலிருந்து ஒரு குவளை மொண்டு ரெபெக்காவிடம் நீட்டினாள்.

"நீங்கள் குடியுங்கள்."

ரெபெக்கா குடித்தாள். நெலிமா மறுபடி மொண்டு கொடுத்தாள். அதையும் குடித்தாள். இருவரும் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. ரெபெக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள்.

"எங்கே?"

"கழிப்பறைக்கு."

"லுசிக்கே அங்கேதான் போகிறாளா?"

"அதெப்படி? அது அவள் மாமனார் போகிற இடம். மருமகள் அங்கே கால் வைப்பது வழக்கமில்லையே. அவள் கரும்புக் காட்டுக்குப் போவாள்."

"எப்போது?"

"இருட்டின பிறகுதான். பகலில் ஆள் நடமாட்டம்..."

கட்டிலில் லுசிக்கே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரெபெக்கா மெல்ல உட்கார்ந்தாள். மருமகளின் சூடான பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். தானும் ஒரு காலத்தில் இதே வீட்டில் பொழுது சாய்வதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவள்தான். அது எப்படி மறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு நெலிமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இவளுக்கு நான் என்ன சொல்லட்டும், டீச்சர்?"

"இவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இன்றிலிருந்து கழிப்பறை லுசிக்கேவுக்கு. அவர் இருட்டின பிறகு கரும்புக் காட்டுக்குப் போகட்டும். நாலே நாளில் இன்னொரு கழிப்பறைக்குக் குழியை அவரே வெட்டிவிடுவார்."