குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு ஏற்ற விளையாட்டு

அந்தச் சுற்றறிக்கையை எழுதிய ஆள் வேலை இல்லாத நேரத்தில் எழுதியிருக்க வேண்டும். வருசா வருசம் ஊழியர் விளையாட்டு விழா நடக்கத்தான் செய்கிறது. நாலு பேர் ஓடுவார்கள், நாற்பது பேர் பந்தலுக்குள் உட்கார்ந்து சுண்டல் தின்பார்கள், எல்லாருக்கும் சந்தோசம். இந்த வருசம் அதில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். "ஒவ்வொரு பணியாளரும் தமது சுபாவத்துக்கும் வாழ்க்கை முறைக்கும் பொருத்தமான விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இணைக்கப்பட்டுள்ள படிவத்தில் கையொப்பமிட வேண்டும். எவருக்கும் விலக்கு இல்லை" என்று வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த ஆபீசின் சி பிரிவுக்கு ஒரே சுபாவம்தான், மத்தியானம் நன்றாகச் சாப்பிடுவது. வாழ்க்கை முறை, சாப்பிட்டபின் கண் அசருவது. இதற்குப் பொருத்தமான விளையாட்டை எந்த நாட்டிலும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் டெஸ்பாட்ச் கிளார்க் இசக்கிதுரை ஒவ்வொரு மேசையாகப் போய்க் கெஞ்சிக் கூத்தாடிப் பதினொரு படிவம் வாங்கிவிட்டான். பாக்கி ஒன்றே ஒன்று. அது சீனியர் அசிஸ்டென்ட் குத்தாலிங்கம் அண்ணாச்சியுடையது.

இசக்கிதுரைக்கு விளையாட்டின்மேல் ஒரு பிரியமும் கிடையாது. அவனுக்கு வேண்டியது நாளைக்கு ஒருநாள் லீவு. தங்கச்சி முப்பிடாதியின் மகனுக்கு நாளைக் காலையில் சாஸ்தா கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்து. பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். முப்பிடாதிக்கு இவனை விட்டால் வேறு அண்ணன் தம்பி இல்லை. "நீ வராட்டா என் மாமியார் அவுக சொந்தத்துல ஒரு ஆளை உக்கார வைக்கப் போறாகளாம்ணே" என்று காலையில் போனில் அழுதுவிட்டாள். அது நடந்தால் அவள் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மேனேஜர் உலகம்மாள் மேடமோ லீவு லெட்டரைத் தொடக்கூட இல்லை. "மூணு மணிக்குள்ள பன்னெண்டு படிவமும் என் மேசைக்கு வரணும். வந்தா லீவு" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி கையெழுத்தைத் தானே போட்டுவிடலாம் என்றால், அந்த அம்மாவுக்கு ஆபீசில் அத்தனை பேர் கையெழுத்தும் மனப்பாடம்.

மணி இரண்டேகால். அண்ணாச்சி டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். இசக்கிதுரை படிவத்தை அவர் முன்னால் வைத்தான்.

"அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணு எழுதுங்க. நூறு மீட்டர் ஓட்டம்னு போட்டிரட்டா?"

"ஓட்டமா?" அண்ணாச்சி சிரித்தார். "ஏடே, ஓட்டம் நம்ம சுபாவத்துக்கு ஆகாதுடே. ஓடிப் பாத்தாச்சு. சர்வீஸ்ல சேந்த புதுசு. விசில் ஊத வாயில வச்சான் பாரு, அம்புட்டுதான் தெரியும். அந்தக் கடைசிக் கயித்துக்கிட்ட போயி நிக்கேன். நின்னு, வேட்டிய உதறிக் கட்டி, ஒரு சோடாவும் குடிச்சிட்டேன். அதுக்குப் பொறவுதான் விசில் சத்தம் வந்து சேருது. அதுவும் எப்படி? மூச்சு வாங்கிக்கிட்டு!"

எதிர் மேசையில் மீரான். அண்ணாச்சியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். முப்பது வருசமாக அண்ணாச்சி சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவர். "பிரைஸ் தந்தாங்களா வே?" என்றார்.

"எங்க தந்தான்? போட்டி ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே வந்துட்டீரு, செல்லாதுன்னுட்டான். அன்னைக்கு விட்டதுதான் ஓட்டத்தை."

இசக்கிதுரை பட்டியலில் அடுத்த வரிக்குப் போனான். "சரி, குண்டு எறியுங்க. நின்ன இடத்துல நின்னு எறிஞ்சாப் போதும்."

"குண்டா? அதைக் கேளு. கையில வாங்கி, சும்மா எடை பாக்கதுக்கு மேல தூக்கிப் போட்டேன். போனது போனதுதான். நடுவருங்க டேப்பை வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்காங்க, பாக்காங்க, கழுத்து சுளுக்கிருச்சு. இருட்டினதும் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அடுத்த வருச விழாவுல கலெக்டர் பேசிக்கிட்டு இருக்காரு, மேடைக்கு முன்னால 'தொம்'னு வந்து விழுது! அந்த வருசம் முதல் பரிசு எனக்குத்தான். அன்னைக்கு நான் மெடிக்கல் லீவுல வீட்டுல படுத்துக் கெடக்கேன், கேட்டுக்கிடுங்க."

டைப்பிஸ்ட் சாராள் அக்கா மோர் குடித்துக்கொண்டிருந்தவர், புரை ஏறித் தலையைத் தட்டிக்கொண்டார். "லீவுல இருந்துகிட்டே ஜெயிச்சீங்களா அண்ணாச்சி?"

"அதுதான் வம்பாப் போச்சு! மெடிக்கல் லீவுல இருந்த ஆளு குண்டு எறிஞ்சது எப்படின்னு விளக்கம் கேட்டு மெமோ வந்துட்டு. குண்டு போன வருசத்துக் குண்டுய்யான்னு பதில் எழுதுததுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிட்டு. அதுலேர்ந்து நம்ம வாழ்க்கை முறைக்குக் குண்டு சரிப்படாதுன்னு விட்டுட்டேன்."

சாராள் அக்கா இசக்கிதுரையைப் பார்த்து, "முன்ன ஒரு நாளு சொன்னப்பம் அந்தக் குண்டு ரெண்டு மாசத்துல வந்துட்டு. இப்பம் ஒரு வருசமாயிருக்கு" என்றார். அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை.

மணி இரண்டரை. இசக்கிதுரை படிவத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினான். மனுசன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்? அந்த நேரத்தில் ஒன்பது கதை சொல்கிற ஆளிடம் அல்லவா தன் தங்கச்சி மானம் மாட்டிக்கொண்டிருக்கிறது! அவனுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனால் ஆத்திரப்பட்டால் அண்ணாச்சி கோவித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, "கயிறு இழுக்கது கூட்டத்தோட கூட்டமா நிக்கதுதானே அண்ணாச்சி. பேருக்குப் புடிச்சாப் போதும்" என்றான்.

"பேருக்குப் புடிக்கவா? நானா?" அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு வருசம் அந்தப் பக்கம் எட்டுப் பேரு, இந்தப் பக்கம் நான் ஒருத்தன். என்னைப் பத்தித் தெரியும்லா, அதனால எட்டுப் பேரும் நைசா கயித்து நுனிய ஒரு வேப்பமரத்துல கட்டிட்டானுவ. எனக்குத் தெரியாதுல்லா? நான் பாட்டுக்கு இழுக்கேன். எட்டுப் பேரும் வந்தான். பொறவால மரம் வருது. மரத்து வேரு ஒரு கெணத்துக்குள்ள போயிருந்திருக்கு, கெணறும் வருது. கெணத்தைச் சுத்தி மூணு வீடு. ஒரு பொம்பள அடுப்புல குழம்பை வச்சுக்கிட்டே வந்து எறங்குதா."

"குழம்பு சிந்துச்சா வே?" என்றார் மீரான்.

"ஒரு சொட்டு சிந்தல. பதமா இழுத்தேம்லா! ஆனா அந்த மூணு வீடும் அடுத்த தாலுகாவுக்குள்ள வந்துட்டு. ரேஷன் கார்டு செல்லல. சர்வேக்காரங்க சங்கிலியத் தூக்கிக்கிட்டு ஆறு மாசம் அளந்தாங்க. 'தயவுசெஞ்சு இனிமே கயித்தைத் தொடாதீங்க'ன்னு தாசில்தார் கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. பெரிய மனுசன் கேட்டா மீற முடியுமா?"

மீரான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துப் பிரிவிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, அப்படியே கதவில் சாய்ந்து நின்றுவிட்டார்கள். ஆள் சேரச் சேர அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது.

"நாற்காலி சுத்துறது இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கிதுரை. குரல் பாதியாகிவிட்டது. "பாட்டு நின்னதும் உக்காரணும். உங்களுக்கு உக்காரத் தெரியும்லா."

"உக்காந்தேன். அதான் தப்பு. உக்காந்தா எந்திரிக்கதில்லைங்கது நம்ம சுபாவம். மறுபடி பாட்டுப் போட்டாங்க. நான் எந்திரிக்கல. நாலு பேரு புடிச்சு இழுத்தான். நாற்காலியோட வாரேனே தவிர, நாற்காலிய விட்டு வரல. கடைசில சரி போகட்டும்னு நாற்காலியோட தூக்கி லாரில ஏத்தி, இந்த ஆபீசுல கொண்டாந்து எறக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த நாற்காலிதான் இது." கைப்பிடியில் ஓங்கித் தட்டினார்.

"இது போன மார்ச்சுல நான் இன்டென்ட் போட்டு வாங்குனது அண்ணாச்சி" என்றார் சாராள் அக்கா.

"கவர் புதுசும்மா. உள்ளே அதே நாற்காலிதான்" என்றார் அண்ணாச்சி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மணி இரண்டே முக்கால். பட்டியலில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். இசக்கிதுரை நம்பிக்கையில்லாமல்தான் அதை வாசித்தான். "மெதுவா சைக்கிள் ஓட்டுறது. கால் தரையில படக் கூடாது. யாரு கடைசியா வாராங்களோ அவங்களுக்குப் பரிசு."

அண்ணாச்சி பல் குத்திய குச்சியைக் கீழே போட்டார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பெரிய சரக்கு வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

"தொண்ணூத்தியேழாம் வருசம்" என்று ஆரம்பித்தார். "இதே மைதானம். இருபது பேரு சைக்கிள்ல ஏறுனோம். அஞ்சு நிமிசத்துல பத்துப் பேரு விழுந்துட்டான், மிச்சப் பேரு எல்லையத் தாண்டிட்டான். நான் மட்டும் நிதானமா வாரேன். எம்புட்டு நிதானம்? ஒரு நாளைக்கு ஒரு நெல்லுமணி அகலம். ஹேண்டில்பாருல காக்கா கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சு வளந்து அதுவும் கூடு கட்டிட்டு. உக்காந்து பாத்த நடுவருக்கு டிரான்ஸ்பர் வந்து போயிட்டாரு. அடுத்து வந்தவரு ரிட்டயர்டே ஆயிட்டாரு. பின்னால திரும்பிப் பாத்தா, நான் வந்த தடத்துல புல்லு முளைச்சுப் பூத்துக் கெடக்கு."

"கடைசில எப்பம்தான் வே முடிச்சீரு?" என்றார் மீரான்.

"எங்க முடிச்சேன்? இன்னும் நாலடி பாக்கி கெடக்கே!"

"அப்பம் இங்கன என்ன செய்யுதீரு?"

"சாப்பாட்டுக்கு வந்திருக்கேன்."

சி பிரிவு குலுங்கிற்று. கதவில் சாய்ந்து நின்றவர்களில் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இசக்கிதுரையும் தன்னை மறந்து சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் அவனுக்குப் பளிச்சென்று பட்டது. பேனாவை எடுத்துப் படிவத்தில் 'மெதுவாக சைக்கிள் ஓட்டுதல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான்.

"போட்டி இன்னும் முடியலைன்னா நீங்க இப்பமும் போட்டியிலதானே இருக்கீங்க அண்ணாச்சி? சனிக்கெழமை விழாவும் அதே மைதானம்தான். விட்ட எடத்துலேர்ந்து மிதிங்க. இந்தாங்க, ஒரு கையெழுத்து."

அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "அது வந்துடே..."

"பாதியில விட்டா தோத்ததா ஆயிரும்லா வே!" மீரான் மேசையைத் தட்டினார். "தோக்கலாமா குத்தாலிங்கம்?"

"தோக்கலாமா அண்ணாச்சி?" என்று கதவுப் பக்கமிருந்தும் குரல் வந்தது. சாராள் அக்கா கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். கைதட்டல் என்று வந்துவிட்டால் அண்ணாச்சிக்குக் கை தானாக அசையும். பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். இசக்கிதுரை மை காய்வதற்குள் படிவத்தை உருவிக்கொண்டான்.

அவன் மேனேஜர் அறைக் கதவில் கை வைத்தபோது பின்னாலேயே அண்ணாச்சி வந்து நின்றார். "ஏடே இசக்கி, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுடே" என்றார். மெள்ளத்தான் சொன்னார். கை ஆட்டவில்லை, கண் உருட்டவில்லை, கேட்டுக்கிடுங்க என்று யாரையும் கூப்பிடவில்லை. சின்ன வயசில் ஒரு தடவை விழுந்தவர் அப்புறம் ஏறவே இல்லையாம். சனிக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகள் வேறு விழாவுக்கு வருகிறார்களாம். இந்த மனுசன் சொல்வது சத்தியமான உண்மை என்று இசக்கிதுரைக்குத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மணி மூன்றாக மூன்று நிமிசம். பாவம் பார்த்தால் பிள்ளை வேறு எவன் மடியிலோ உட்காரும். அவன் உள்ளே போனான்.

உலகம்மாள் மேடம் பன்னிரண்டு படிவத்தையும் எண்ணிப் பார்த்து, கடைசிப் படிவத்தின் கையெழுத்தைக் கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, அண்ணாச்சி பிரிவுக்கு நடுவில் நின்றுகொண்டு தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். "எம் பிள்ளைக மேல ஆணையா சொல்லுதேன், எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது! ஏறவே தெரியாது! ஏன்டே சிரிக்கிய?"

சிரித்துச் சிரித்து மீரானுக்கு மூச்சு முட்டியது. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அண்ணாச்சியைப் போதும் போதும் என்று அமர்த்தினார்.

"ஓய் குத்தாலிங்கம், மரம் வந்துச்சு, கெணறு வந்துச்சுன்னீரு, சரின்னு கேட்டுக்கிட்டோம். அதுக்காக இப்படியா வே புளுகுதது?"