ஐந்நூற்றுப் பன்னிரண்டு படிப்பாளிகள்

முந்நூறு பேர் வாழ்கிற ஒரு நாட்டில் படித்தவர்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எப்படி? யோசித்துச் சொல்லுங்கள். விடை வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். காக்கைமேட்டு நாட்டின் கணக்கர் சடையாண்டிக்கே இதற்கு மூன்று பகலும் ஒரு கட்டு ஓலையும் தேவைப்பட்டன.

காக்கைமேட்டுக்கும், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கொக்குப்பள்ள நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாத்தியாரம்மாதான். வடிவம்மா என்று பெயர். இன்று இக்கரை, நாளை அக்கரை என்று பரிசலில் ஏறி இறங்கியே முழங்கால் போய்விட்டது அவருக்கு. இனி ஏதாவது ஒரு கரையில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு ராஜாக்களும் பேசி முடிவெடுத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து எந்த நாட்டில் படித்தவர்கள் அதிகம் இருப்பார்களோ, அந்த நாட்டுக்கே வாத்தியாரம்மா.

"இதுவரை போன மாதிரியே இனியும் போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு," என்றார் காக்கைமேட்டு ராஜா.

சடையாண்டியின் மகள் பூவாயிக்கு ஐந்து வயது. சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது பள்ளிக்கூடம் என்று தினமும் கேட்கிறாள். வாத்தியாரம்மா அக்கரைக்குப் போய்விட்டால் அந்தச் சிலேட்டில் அப்பளம்தான் இட வேண்டும்.

உதவிக்கு மொக்கையனும் தொப்பளானும் வந்து உட்கார்ந்தார்கள்.

"போன வருஷம் நம்ம நாட்டுல படிச்சவங்க எத்தனை பேர்?"

"ராஜா ஒருத்தர்தான் அண்ணே."

"இந்த வருஷம்?"

"ராஜாவும் நீங்களும்."

"அப்போ வருஷத்துக்கு ரெண்டு மடங்கு," என்றார் சடையாண்டி. அடுத்த வருஷம் நாலு, அதற்கடுத்து எட்டு என்று எழுதிக்கொண்டே போனார். எட்டாவது வருஷத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"ஆளுங்க முந்நூறுதானேடா?"

"ஆமாண்ணே. பாக்கி இருநூத்துப் பன்னிரண்டு படிச்சவங்களுக்கு ஆளில்லை."

சடையாண்டி அடுத்த ஓலையை எடுத்தார்.

"அக்கரையைப் பார்ப்போம்," என்றார் சடையாண்டி. கொக்குப்பள்ளத்தில் போன வருஷம் நாற்பது பேர் படித்தவர்கள். அதில் இரண்டு கிழவர்கள் காலமாகி, இப்போது முப்பத்தெட்டு. வருஷத்துக்கு இரண்டு பேராகக் கழித்தால் ஐம்பதாவது வருஷத்தில் பூஜ்யத்துக்கும் கீழே அறுபத்திரண்டு.

"படிக்காதவன்னா பூஜ்யம். அதுக்கும் கீழேன்னா எப்படிண்ணே இருப்பான்?" என்று மொக்கையன் பயந்துகொண்டே கேட்டான்.

தொப்பளான் யோசித்தான். "பக்கத்துல இருக்கிறவன் படிச்சதையும் மறக்க வைப்பான்."

"அப்போ ஆத்தங்கரையில காவல் போடணும்."

"அவங்க வர இன்னும் ஐம்பது வருஷம் இருக்குடா."

"இப்பவே போட்டா நல்ல இடமா நிக்கலாம்ல," என்று மொக்கையன் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவனை உட்கார வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் சடையாண்டிக்கு ஒரு வழி தோன்றியது. நம்மிடம் மிஞ்சும் படித்தவர்களில் அறுபத்திரண்டு பேரை அக்கரைக்குக் கொடுத்துவிட்டால், அவர்கள் பள்ளம் நிரம்பிச் சமமாகிவிடும். இந்தச் செய்தி கேட்டுக் கொக்குப்பள்ளத்து ராஜா கண் கலங்கினார். எங்கள் குறையைத் தீர்த்த நீங்களே வாத்தியாரம்மாவையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பலாப்பழத்தோடு ஆள் அனுப்பினார்.

இன்னும் நூற்றைம்பது படித்தவர்கள் ஆளில்லாமல் நின்றார்கள்.

"ஆடு இருக்குதுல்ல," என்றான் தொப்பளான்.

"ஆடு படிக்குமா?"

"நாம ஓலையைப் பார்க்க மட்டும்தான் செய்றோம். அது தின்னே போடுதுண்ணே."

சடையாண்டி நூற்றைம்பது ஆடுகள் என்று ஓலையில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் வடிவம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உள்ளே வரிசை வரிசையாக ஆடுகள். குழந்தைகள் எல்லாம் வாசலில் நின்றார்கள்.

"என்ன சடையாண்டி இது?"

"மனுஷங்க முந்நூறு பேரும் எட்டு வருஷத்துல படிச்சிடுவாங்கன்னு கணக்கே சொல்லிடுச்சும்மா. அவங்களுக்கு எதுக்கு வாத்தியார்? ஆடுங்களை நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

"குழந்தைகளை உள்ளே விடு. ஆடுகளை வெளியே ஓட்டு."

"ஓட்டினா கணக்கு பொய்யாயிடும். கணக்கு பொய்யானா நீங்க அக்கரைக்குப் போகணும்மா," என்றார் சடையாண்டி.

வடிவம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே ஆற்றைப் பார்த்தார். பிறகு ஆடுகளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எண்ணிக்கொண்டிருந்த மொக்கையன் ஓடி வந்தான். "அண்ணே, நூத்து நாப்பத்தொம்பதுதான் இருக்கு. ஒரு ஆடு குறையுது."

முன்வரிசையில், வாத்தியாரம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே, ஒரு இடம் காலியாக இருந்தது. சிலேட்டை மார்போடு அணைத்தபடி பூவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடையாண்டி நேர்மையான மனிதர். மகள் என்பதற்காக எதையும் மறைக்கவில்லை. குனிந்து அவளிடம் கேட்டார்: "பாரு கண்ணு, மனுஷியா இருந்தா எட்டு வருஷத்துல படிப்பு தானா வரும். ஆடா இருந்தா இன்னைக்கே உட்காரணும், வீட்டுப்பாடம் எழுதணும். நீ எதுவா இருக்கே?"

பூவாயி ஆடாக இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.