உப்புக்கரையில் பூத்த நீல வாணம்

உப்புக்கரை ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. ஊர்த்தலைவர் அய்யாக்குட்டியின் மகள் தங்கபுஷ்பத்துக்கு வந்த வரன்கள், ஊராரோடு கொஞ்ச நேரம் பேசியதுமே திரும்பிப் போய்விட்டன. கடைசியாக வந்த பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பையனின் அப்பா சங்கரகுத்தாலம் ஒரே பிடியாக நின்றார்.

"மூத்தவன் கல்யாணத்துல நீல வாணம் விட்டாக. இவனுக்கும் வானத்துல நீலம் பூக்கணும். இல்லைன்னா மாப்பிள்ளை காரை விட்டு இறங்க மாட்டான்."

அய்யாக்குட்டி, மச்சினன் சுடலைமணியையும், கூப்பிடாமலே கூட வரும் பலவேசத்தையும் அழைத்துக்கொண்டு வாணக்காரரிடம் போனார்.

"சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம். ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கும்," என்றார் வாணக்காரர். "நீலத்துக்குச் செம்பு. அதுக்கு மட்டும் மாப்பிள்ளை முறுக்கு. தீ ரொம்பச் சூடாச்சுன்னா வெளிறிப் போயிரும். துளி உப்பு கலந்தாலும் போச்சு. உப்புல இருக்குற சோடியம் மஞ்சளா எரிஞ்சு நீலத்தை முழுங்கிரும். நான் பக்குவமாச் செஞ்சு தாரேன் அண்ணாச்சி. நீங்க உப்பு படாம, சூடு படாம வச்சிருங்க."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எந்த ஊர் என்று கேட்க வாணக்காரருக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள்.

"விருந்துல உப்பு கிடையாது," என்று ஆரம்பித்தார் அய்யாக்குட்டி.

"வேர்வையில உப்பு இருக்கே மாமா?" என்றான் பலவேசம்.

"அப்ப ஒருத்தனும் வேர்க்கக் கூடாது."

பந்தல் வேலை அந்த நிமிஷமே நின்றது. கூரை பாதியோடு நின்ற பந்தலின் நிழலில் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்தார்கள்.

"கண்ணீர்லயும் உப்புதான் அத்தான்," என்றார் சுடலைமணி. "கல்யாணம்னா பொம்பளையாளுக அழுவாகளே."

"தாலி ஏறுற வரைக்கும் ஒருத்தியும் அழக்கூடாது. தங்கபுஷ்பத்துக்கும் சொல்லிரு."

பலவேசம் கவலையோடு கிழக்கே பார்த்தான். "கடல் பூரா உப்பால்லா கிடக்கு."

அய்யாக்குட்டி கண்ணை மூடி யோசித்தார். "கடலுக்குப் பத்திரிகை வச்சோமா? வைக்கலைல்லா. பெறவு அது எப்படி வரும்?"

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. ஊரைச் சுற்றி மலை மலையாகக் குவிந்து கிடந்த உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

சூட்டுப் பிரச்சினையைச் சுடலைமணி ஏற்றுக்கொண்டார். மீன் ஏலக்கூடத்திலிருந்து ஐஸ் பாளங்களை வாங்கி வந்து, வாணத்தை நடுவில் படுக்க வைத்து, ஈரச் சாக்கால் போர்த்தினார். மாப்பிள்ளை அழைப்பன்று அதை எடுத்தபோது காப்பியில் ஊறிய முறுக்கு மாதிரி இருந்தது.

"தொட்டுப் பாருங்க அத்தான், என்ன குளிர்ச்சி," என்றார் பெருமையாக.

சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை கார் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

"இருட்டினதும் விடுவோமா மாமா?" என்று கேட்டான் பலவேசம்.

"கூறு இருக்காலே உனக்கு? இருட்டுல என்ன நிறம்னு எப்படித் தெரியும்? வெளிச்சம் இருக்கும்போதே கொளுத்து."

கொளுத்தினார்கள். வாணம் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, குழாயை விட்டு எழும்பாமலே அடங்கிப் போனது. அதற்குள் ஊர் மொத்தமும் அண்ணாந்துவிட்டது.

உப்பளத்துக்காரன் வானத்தைப் பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். மேகம் இல்லையென்றால் உடனே குனிந்துவிடுவான். நிறத்தையெல்லாம் கவனித்தவன் கிடையாது. அன்றைக்குக் கவனித்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீலம்.

காருக்குள்ளிருந்து சங்கரகுத்தாலம் தலையை நீட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

"மூத்தவனுக்கு விட்டது பாய் அகலம்கூட இல்லை. பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. இது அணையவே மாட்டேங்குதே," என்றார். பிறகு மகனிடம், "இறங்குலே" என்றார்.

மாப்பிள்ளை இறங்கினான். உப்பில்லாத விருந்தை, நீலத்துக்கு மரியாதையாக, யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். பாயசம் பரிமாறும் நேரத்தில் மேற்கே மஞ்சள் படர ஆரம்பித்தது.

சங்கரகுத்தாலம் இலையை விட்டு எழுந்தார். "சம்மந்தி, நீலம் போகுதே. ஏலே, கார்ல ஏறு."

அய்யாக்குட்டி சமையல் கொட்டகைக்கு ஓடினார். "எவம்லே சாம்பார்ல உப்பு போட்டது?"

சமையல்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானார். அப்போது தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

"நாந்தாம்ப்பா. அவுக காரை விட்டு இறங்குனதும் சந்தோஷம் தாங்கலை. ரெண்டு சொட்டு அழுதுட்டேன்."

சங்கரகுத்தாலம் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"ரெண்டே சொட்டுல இத்தனை பெரிய வானத்தை மஞ்சளாக்கிட்டாளா? இப்பேர்ப்பட்ட மருமகளை விட்டுட்டுப் போக நாங்க என்ன முட்டாளா?"

மறுநாள் காலையில் தாலி ஏறியது. இப்போதெல்லாம் மாப்பிள்ளை ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு யாரும் வாணம் வாங்குவதில்லை. பொழுது சாயும் நேரத்தில் தங்கபுஷ்பத்தை மேற்கே பார்த்து உட்கார வைத்து, ஒரு கூடை சின்ன வெங்காயத்தை உரிக்கக் கொடுக்கிறார்கள். மழை மேகம் இருந்தால் மட்டும் இரண்டு கூடை.