விலை பேசாத வெள்ளைக் குதிரை

கொன்றைநாட்டு ராசா விசயராசன்கிட்ட ஒரு பொக்கிஷக்காரர் இருந்தார். பேரு அளகேசன். அவருகிட்ட ஒரு தடவ வேலை பாத்தவன் மறுதடவ அவரு தெருப்பக்கம்கூட நடக்க மாட்டான். ஏன்னு கேளுங்க!

அந்த நாட்டுல ஒரு வழக்கம். சபையில வெத்தலபாக்குத் தட்டக் கையில வாங்கிட்டா, குடுத்தவர் கேக்கறதுக்கு ஒத்துக்கிட்டதா அர்த்தம். பின்வாங்க முடியாது. தட்ட வாங்க மாட்டேன்னும் சொல்ல முடியாது, அது சபைக்கே அவமானம். அதனால எல்லாரும் விலையப் பேசி முடிச்சுட்டுத்தான் தட்ட நீட்டுவாங்க. நம்ம அளகேசன் என்ன பண்ணுவார்? ஆளு வாசப்படி தாண்டறதுக்குள்ள "வாங்க, வாங்க"ன்னு தட்டக் கையில திணிச்சுடுவார்! விலையெல்லாம் அப்புறம்தான். போன வருஷம் கோட்டைக் கதவு செஞ்ச ஆசாரி, கூலி பத்தாம, மரம் வாங்கின கடனுக்கு வண்டிமாட்ட வித்துட்டு நடந்தே ஊருக்குப் போனார்.

இந்தத் தடவ சிக்குனது மருதாயி. சுவர்ல சித்திரம் எழுதறவங்க. அரண்மனைச் சம்பளம் கிடையாது. யாரு கூப்பிட்டாலும் போவாங்க, வேலைய முடிச்சுக் குடுப்பாங்க, அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க. சபை கூடற மண்டபத்துலதான் இளவரசி கல்யாணம். அங்க மூணு சுவரு முழுக்கச் சித்திரம் வேணும். ரெண்டு மாச வேலை. வர்ணமும் அவங்க செலவு, கூட வேலை பாக்கற நாலு பேரு சாப்பாடும் அவங்க செலவு. ஆசாரி கதை மருதாயிக்குத் தெரியும். தட்டு வர்றதப் பாத்ததுமே ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாங்க!

"அய்யா, இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கிருக்கீங்க?"

"அத நான் எதுக்கும்மா சொல்லணும்? நீ சொல்லு."

"முந்நூறு வராகன்."

அளகேசன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டார். "முந்நூறா! சுவரு எங்களுது. நீ கோடுதானம்மா போடப் போற?"

"அப்ப நீங்களே ஒரு விலை சொல்லுங்கய்யா."

"எழுதி முடி. புடிச்சா பாத்துக் குடுக்கறோம்."

"புடிக்கலன்னா?"

"புடிக்கற வரைக்கும் மாத்திக் குடு. முதல்ல மாதிரிக்கு ஒரு சுவர சும்மா எழுதிக் காட்டு. அம்பத்தாறு தேசத்து ராசாவும் கல்யாணத்துக்கு வர்றாங்க. உன் பேரு எங்கெங்க போகும்னு யோசிச்சுப் பாரு!"

"பேர உலையில போட்டா வேகுமாய்யா?"

சபையில யாரோ களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. அளகேசனுக்கு மூக்கு செவந்துடுச்சு. "ராசா சபைத் தட்ட மறுக்கறியா?"

ராசா நிமிந்து பாத்தார். சபையே மருதாயியப் பாத்துச்சு. பாவம், என்ன செய்வாங்க? முதுகுக்குப் பின்னாடி இருந்த கை மெல்ல முன்னாடி வந்துச்சு.

"ஒரு நிமிஷம்!"

எந்திரிச்சது யாரு? நல்லமுத்து! ராசாவுக்குப் பேச்சுத்துணையா சபையில உக்காந்திருக்கறவன். வாயத் தவிர வேற ஆயுதம் கிடையாது. ராசா பக்கத்துல இருந்த இன்னொரு தட்டத் தூக்கிக்கிட்டு நேரா அளகேசன்கிட்ட வந்தான்.

"பொக்கிஷக்காரரே, ஊருக்கெல்லாம் நீங்க தட்டு குடுக்கறீங்க. உங்களுக்கு யாராச்சும் குடுத்தாங்களா? எனக்கு மனசு கேக்கல. வாங்கிக்கோங்க."

அளகேசன் அப்படியே உருகிட்டார். மருதாயிக்கு வச்சிருந்த தட்டக் கீழ வச்சுட்டு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டார்.

"ரொம்ப சந்தோஷம்! உங்க வெள்ளைக் குதிரைய எனக்கு வித்துடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். ஒத்துக்கிட்டீங்க. லாயத்துல போய் அவுத்துக்கறேன்."

"என்னது! டேய், விலையே பேசலையே!"

"விலை எதுக்குங்க இப்போ? ஒரு வருஷம் ஓட்டிப் பாக்கறேன். புடிச்சா பாத்துக் குடுக்கறேன்."

"மகாராசா! இவன்..."

"கோவப்படாதீங்க. குதிரைய என்ன நீங்களா செஞ்சீங்க? புல்லத் தின்னுச்சு, அதுவா வளந்துச்சு. இதுல உங்க வேலை என்ன இருக்கு?"

"அரபிக் கப்பல்ல வந்த குதிரைடா அது! நூறு வராகன் என் கைக்காசு!"

"உங்க கைக்காசு உங்க கவலை. அதுமேல நான் ஏறி வீதியில போனா, யாரு குதிரைன்னு நாலு பேரு கேப்பாங்க. உங்க பேரச் சொல்றேன். உங்க பேரு எங்கெங்க போகும்னு யோசிச்சுப் பாருங்க! அடுத்த குதிரையும் சத்தியமா உங்ககிட்டதான் வாங்குவேன்."

"விலை தெரியாம எவனாச்சும் ஒத்துக்குவானாடா? மனுஷனுக்கு நியாயம்னு ஒண்ணு வேணாமா?" அளகேசன் கத்துன கத்துல மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்துடுச்சு.

நல்லமுத்து திரும்பி மருதாயியப் பாத்தான். சபையும் பாத்துச்சு. ராசாவும் பாத்தார்.

"அளகேசா," ராசா குரல் கொஞ்சம் இறங்குச்சு, "இந்த வேலைக்கு நான் எவ்வளவு ஒதுக்கச் சொன்னேன்?"

"அது... வந்து... ஐநூறு, மகாராசா."

"அந்தம்மா கேட்டது?"

"முந்நூறு."

"அதுக்குத்தான் நெஞ்சப் புடிச்சியா?"

மருதாயிதான் பொறுக்க மாட்டாம வாயத் தொறந்தாங்க. "அய்யா, ஐநூறுன்னு முதல்லயே ஒரு வார்த்த சொல்லிருந்தா, விதானத்தையும் சேத்து எழுதித் தர்றேன்னு சொல்லிருப்பேனே! மேல பாத்தா வெறும் சுண்ணாம்பா இருக்கு."

ராசா தலையத் தூக்கி மேல பாத்தார். அவருக்கும் அது அசிங்கமாத்தான் பட்டுச்சு. "சரிம்மா, விதானத்தோட சேத்து ஐநூறு. பாதி இன்னைக்கே, கையில. இனிமே இந்தச் சபையில தொகையச் சொல்லாம எவன் தட்ட நீட்டினாலும், தட்டோட அவனையும் வெளிய அனுப்புங்க!"

ஐநூறுன்னு காதுல விழுந்தப்புறம்தான் மருதாயி தட்ட வாங்கினாங்க. நல்லமுத்துவுக்கு ராசா தன் கை மோதிரத்தக் கழட்டிக் குடுத்தார்.

அளகேசன் மட்டும் நின்ன இடத்துலயே நின்னார். "நல்லமுத்து... தம்பி... என் குதிரை?"

"அட, உங்க குதிரை எனக்கு எதுக்குங்க? தட்டக் குடுங்க, கணக்கு தீந்துச்சு."

அளகேசனுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

"ஆனா புடிக்கற வரைக்கும் மாத்திக் குடுக்கணும்ல? கொஞ்சம் கறுப்பாக்கிக் கொண்டாந்து காட்டுங்க," அப்படின்னான் நல்லமுத்து. "பாத்துட்டு, முதல்ல இருந்த வெள்ளையே நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடறேன்."