மரிக்கொழுந்தோட உருளைக்கிழங்கு வறுவல்

ஒரு ஊர்ல ஒரு சோத்துக்கடை இருந்துச்சு. ஊர்னா பெரிய ஊர் இல்ல கண்ணு. மலை ரோடு வளைஞ்சு வளைஞ்சு மேல போகும்ல, அதுல பாதி மலையில ஒரு வளைவு. பஸ்ஸெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கிட்டு அங்க வந்து நிக்கும். அந்த வளைவுல தகரம் போட்ட ஒரு கடை. எங்க, ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் அத்தை வாயில கதை வரும்.

ம்.

ஆங். கடைக்காரன் பேரு சடையாண்டி. அவன் பொண்டாட்டி பேரு மரிக்கொழுந்து. அவன் முன்னாடி நின்னு இலை போடுவான், தண்ணி வெப்பான், வர்றவங்ககிட்ட வாய் ஓயாம பேசுவான். அவ உள்ள அடுப்படியில இருப்பா. அங்க நிறைய பலகாரமெல்லாம் கிடையாது. புளிச்சோறு, தயிர்சோறு, தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவுதான். ஆனா ஜனம் சோத்துக்காக வராது. அந்தத் தொட்டுக்கறதுக்காகத்தான் வரும். மேல போற டிரைவர் கீழ வரும்போதும் நிறுத்துவாரு. "மரிக்கொழுந்து, வறுவல் இருக்கா, தீந்துடுச்சா?"ன்னுதான் இறங்கும்போதே கேப்பாரு.

அவ எப்படிப் பண்ணுவா தெரியுமா? கிழங்கு பக்கத்துத் தோட்டத்துல தோண்டினது. மண்ணு போகக் கழுவி, தோலோட நறுக்குவா. கொத்தமல்லி விதையைத் தனியா வறுப்பா, மிளகைத் தனியா வறுப்பா, சீரகத்தை ஒரு சுத்து சுத்தி உடனே இறக்கிடுவா. அப்புறம் காஞ்ச மிளகாய். எல்லாத்தையும் உரல்ல போட்டு டொக் டொக், டொக் டொக். மலைப்பூண்டைத் தோலோட நசுக்குவா, நச் நச். இரும்புச்சட்டியில செக்கெண்ணெய் ஊத்தினா சொய்ங். கடுகு படபட. கறிவேப்பிலை சடசட. சின்ன வெங்காயம் செவந்து வரும். அப்புறம் கிழங்கு, கல்லுப்பு, இழைச்ச மஞ்சள், ஒரு கை தண்ணி தெளிச்சு, மூடி போட்டுடுவா. கடைசியிலதான் இடிச்ச பொடியைத் தூவுவா. டப்பாவுல வந்தது, கடையில வாங்கின பொடின்னு ஒண்ணும் கிடையாது.

உறைப்பா இருக்குமா அத்தை?

உறைப்பா இருக்கும். ஆனா வாயில எரியாது, தொண்டையில இதமா இறங்கும். பாக்கறதுக்கு மட்டும் மண்ணு நிறத்துல இருக்கும். பளபளன்னு இருக்காது.

அப்போ ஒரு நாள், கடை நிறைய கூட்டம். ஒரு பெரிய கார் வந்து நின்னுச்சு. டவுன்லேருந்து ஒரு குடும்பம். அந்தக் கார்க்காரர் இலையைப் பாத்தாரு, மூஞ்சியைச் சுளிச்சாரு. "என்னப்பா இது, நிறமே இல்ல? எங்க ஊர்ல பாக்கெட் மசாலா போட்டா செக்கச்செவேல்னு இருக்கும். இதைப் பாத்தா ஆத்துக் கூழாங்கல்லு மாதிரி இருக்கு"ன்னாரு. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. சும்மா சிரிச்சாங்க, அவ்வளவுதான். ஆனா சடையாண்டிக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. விறுவிறுன்னு உள்ள போனான். அடுப்பு மேல இருந்த சட்டியைத் துணியைப் போட்டுப் பிடிச்சான். நேரா ரோட்டுக்குக் கொண்டு வந்து, எல்லாரும் பாக்க, கொட்டினான். தொபுக்! "இனிமே இந்தக் கருமத்தைப் பண்ணாதே"ன்னான்.

மரிக்கொழுந்து வாசல்படியில நின்னா. கையில கரண்டி. ரோட்டுல கிடந்த கிழங்கை ஒரு நாய் வந்து மோந்து பாத்துச்சு. சூடு பட்டு "வீல்"னு கத்திக்கிட்டு ஓடுச்சு. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க.

ம் சொல்லல நீ.

பாவம் அத்தை அவங்க.

பாவம்தான். அப்புறம் மறுநாளே சடையாண்டி பாக்கெட்டு வாங்கிட்டு வந்தான். அவளும் கிழிச்சுப் போட்டா. செக்கச்செவேல்னு வந்துச்சு. உரலைக் கவுத்து வெச்சுட்டா. அவன் சொன்னான், "பாத்தியா, எவ்வளவு சுளுவு"ன்னு. அவ "ஆமாங்க"ன்னா. ரெண்டு மூணு மாசம் போச்சு. டிரைவருங்கள்ல ஒருத்தர் சாப்பிட்டாரு, கையைக் கழுவினாரு, போனாரு. அடுத்த தடவை ஹாரன் மட்டும் அடிச்சுட்டு, பாம் பாம், நிக்காமப் போயிட்டாரு. அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் வளைவுல பஸ் மூச்சு மட்டும் வாங்கிச்சு, ஆள் இறங்கல.

அப்போ சடையாண்டி அடுப்படிக்கு வந்து, "ஏ புள்ள, பழைய மாதிரியே பண்ணு"ன்னான்.

மரிக்கொழுந்து உரலை நிமித்தினா. வறுத்தா, இடிச்சா, தாளிச்சா. ஆனா வரல. உப்பு ஒரு பக்கம், உறைப்பு ஒரு பக்கம். அவளே வாயில வெச்சுப் பாத்துட்டு, "கை வரலைங்க"ன்னு சொன்னா. நெஜமாத்தான் சொன்னா. ஒரு பாட்டைப் பாடும்போது யாராச்சும் வாயைப் பொத்திட்டா, அப்புறம் எடுத்த எடுப்புல சுருதி வராதுல்ல, அது மாதிரி. ஆனா சடையாண்டி நம்பல. "வேணும்னே பண்றே! என்னைப் பழி வாங்கறியா?"ன்னு கத்தினான்.

அவ கரண்டியைக் கீழ வெச்சா. அப்புறம் அடுப்புல தண்ணி தெளிச்சா. புஸ்ஸ்ஸ். கையைத் துடைச்சுக்கிட்டு, ரெண்டு சேலையை ஒரு பையில வெச்சுக்கிட்டு, கீழ போற பஸ்ல ஏறி, அடிவாரத்துல இருக்கற தம்பி வீட்டுக்குப் போயிட்டா.

ம்.

சடையாண்டி என்ன நினைச்சான்? அந்த வறுவலை நாமளே பண்ணி எடுத்துட்டுப் போனா இவ வந்துடுவான்னு நினைச்சான். சரின்னு முதல்ல ஒரு நாள் பண்ணினான். அவனுக்கு எதுலயும் அவசரம். அடுப்பு திகுதிகுன்னு எரிஞ்சுது. மூடியெல்லாம் போடல, கரண்டியால கிண்டிக்கிட்டே இருந்தான். தூக்குச்சட்டியில போட்டு அடிவாரத்துக்குக் கொண்டு போனான். மரிக்கொழுந்து முற்றத்துல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "வாங்க"ன்னு பாய் போட்டா. ஒரு துண்டு எடுத்துக் கடிச்சா. கறுக்! "மேல கருகிடுச்சுங்க, உள்ள வேகல"ன்னா. தண்ணி கொடுத்தா. அவன் குடிச்சுட்டு வந்துட்டான்.

அப்புறம் இன்னொரு தடவை. இந்தத் தடவை தீயைக் குறைச்சான், நல்லா வேக வெச்சான். ஆனா மல்லி, மிளகு, சீரகம் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வறுத்தான். கொண்டு போனான். அவ வாயில வெச்சா. "சீரகம் தீஞ்சுடுச்சுங்க. கசக்குது"ன்னா. பஸ்ஸு வந்துச்சு, ஏறி வந்துட்டான்.

அப்புறம் அவன் கடையில முன்பக்கம் உக்காந்து யோசிச்சான். இத்தனை வருஷம் அவ சமைச்சதை நான் ஒரு நாளும் பாக்கலையே. பின்ன எப்படித் தெரியும்? பாக்கல, ஆனா கேட்டிருக்கோமே. கண்ணை மூடிக்கிட்டான். காதுல ஒண்ணொண்ணா வந்துச்சு. வறுக்கற சத்தம் தனித்தனியா வரும், நடுவுல நடுவுல சட்டியை இறக்கி வெக்கற சத்தம். அப்போ தனித்தனியாத்தான் வறுக்கணும். அப்புறம் டொக் டொக். நச் நச். சொய்ங். படபட. சடசட. அப்புறம்... அப்புறம் ஒண்ணுமே கேக்காது. ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. அந்த நேரத்துல இவன் இங்கேருந்து, "என்ன புள்ள, தூங்கிட்டியா? வேலை ஓடலையா?"ன்னு அதட்டுவான். அது அவனுக்கு ஞாபகம் வந்துச்சு.

அந்த நேரத்துல என்ன பண்ணினாங்க அத்தை?

மூடி போட்டுட்டுக் காத்திருந்தா. கிழங்கு அதோட ஆவியிலயே, அது பாட்டுக்கு வேகணும். அடியில லேசா மொறுமொறுன்னு பிடிக்கணும். கிண்டக் கூடாது. அது அவனுக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அன்னிக்கு அவனும் அதே மாதிரி வறுத்து, இடிச்சு, மூடி போட்டுட்டுப் பின்பக்கம் போனான். அங்க ஒரு கல்லு. அவ உக்காந்து உக்காந்து வழவழன்னு ஆயிருந்துச்சு. அதுல உக்காந்தான். உக்காந்தா மலைக்குக் கீழ பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுது. பனி விலகினப்போ தூரத்துல பொட்டுப் பொட்டா ஓட்டு வீடு. அவ தம்பி ஊரு. தினமும் இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா புள்ளன்னு நினைச்சான்.

பொடியைத் தூவி இறக்கினான். வாசம் கும்முனு ரோடு வரைக்கும் போச்சு.

தூக்குச்சட்டியை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல போனான். மரிக்கொழுந்து ஒரு வாய் தின்னா. கண்ணை மூடினா. இன்னொரு வாய் தின்னா. தம்பி பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் கொடுத்தா, அவ பிள்ளைங்களுக்குக் கொடுத்தா. மீதியை அவளே தின்னு முடிச்சு விரலைச் சூப்பினா. "நல்லா வந்திருக்குங்க"ன்னா. சிரிச்சா. அவன் ரொம்ப நாள் கழிச்சு அந்தச் சிரிப்பைப் பாத்தான்.

"அப்போ கிளம்பு, பஸ் வர்ற நேரம்"னான் சடையாண்டி.

அவ எந்திரிக்கல. அவன் மூஞ்சியையே பாத்தா. "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாங்க?"ன்னு கேட்டா.

"வேற என்ன? அதான் உருளைக்கிழங்கு சரியா வந்துடுச்சே!"

அவ மெதுவா எந்திரிச்சா. தூக்குச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சா, கழுவினா, முந்தானையால துடைச்சு அவன் கையில கொடுத்தா. "பஸ் வந்துடுச்சு. பாத்துப் போங்க"ன்னா.

ம்...

அவன் பஸ்ல ஏறினான். ஒரு வளைவு ஏறுச்சு, இன்னொரு வளைவு ஏறுச்சு. அப்போதான் பட்டுன்னு அவனுக்கு உறைச்சுது. அவ கிழங்கு கேக்கவே இல்லையே! எல்லார் முன்னாடியும் கொட்டினது தப்புன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலையே! நம்பாமக் கத்தினேனே, அதையும் சொல்லலையே! கிழங்கையே தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போனேனே! இறங்கிடலாமான்னு எந்திரிச்சான். மழை தூற ஆரம்பிச்சுது. சரி, நாளைக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு உக்காந்துட்டான்.

அன்னிக்குப் பிடிச்ச மழை விடவே இல்ல. சோ சோன்னு கொட்டுது. மலை சரிஞ்சு, மடமடன்னு பாறை உருண்டு ரோட்டை அடைச்சுடுச்சு. பஸ்ஸே கிடையாது.

நடந்து போயிருக்கலாம்ல அத்தை?

போயிருக்கலாம் கண்ணு. ஒத்தையடிப் பாதை இருந்துச்சு. ஆனா முட்டி வலிக்குதுன்னான். வழுக்கும்னான். மழை விடட்டும்னான். ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொன்னான். அவ எங்க போயிடப் போறான்னும் நினைச்சுக்கிட்டான்.

அப்புறம் ரோடு திறந்துச்சு. முதல் பஸ்ல போனான். இந்தத் தடவை தூக்குச்சட்டி எடுத்துட்டுப் போகல. வெறுங்கையோட, சொல்ல வேண்டியதை மட்டும் வாயில முணுமுணுத்துக்கிட்டே போனான். போனா வீடு பூட்டிக் கிடக்குது. பக்கத்து வீட்டு அம்மா வெளிய வந்தாங்க. "தம்பிக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை கிடைச்சுப் போச்சுய்யா. எல்லாருமே போயிட்டாங்க. உன் வீட்டுக்காரி மட்டும் வண்டியில ஏறாம மலை ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சாரு. அப்பவும் நின்னுச்சு. மறுபடியும் அடிச்சாரு. அப்புறம் ஏறிடுச்சு"ன்னாங்க.

சடையாண்டி அந்தப் பூட்டைப் பிடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னான்.

அப்புறம் திருப்பூருக்கும் போனான். அப்போ இப்ப மாதிரி ஆளுக்கொரு போன் கிடையாது. கம்பெனி கம்பெனியா வாசல்ல போய் நின்னான். சங்கு ஊதினதும் திமுதிமுன்னு ஜனம் வெளிய வரும். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தான். மரிக்கொழுந்து மாதிரி ஒருத்தி போனா, ஓடிப் போய்ப் பாத்தா அவ இல்ல. கடைசியில திரும்பி வந்துட்டான்.

வந்து கடையைத் திறந்தான். பாக்கெட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, தனித்தனியா வறுத்து, இடிச்சு, மூடி போட்டுக் காத்திருந்து பண்ணினான். பஸ்ஸெல்லாம் திரும்பவும் நிக்க ஆரம்பிச்சுது. சாப்பிட்டவங்க, "ஆஹா, உன் கைக்குக் காப்பு போடணும்யா"ம்பாங்க. அவன் இலையை எடுக்காம நின்னு சொல்லுவான், "இது என் கை இல்லைங்க. என் வீட்டுக்காரி மரிக்கொழுந்தோட கை. அவ செஞ்சதை நாலு பேர் முன்னாடி ரோட்டுல கொட்டினேன். அவ சொன்னதை நம்பாமக் கத்தினேன். தப்பு என்னோடதுங்க"ன்னு. சில பேரு, "இதையெல்லாம் எங்ககிட்ட ஏம்பா சொல்றே?"ன்னு கேப்பாங்க.

"நீங்க பத்து ஊருக்குப் போறவங்க. யாராச்சும் ஒருத்தர் வாய் வழியா அவ காதுக்குப் போகாதா?"ம்பான்.

போச்சா அத்தை? அவங்க காதுக்கு?

தெரியலையே தங்கம். இந்தக் கதையைச் சொன்னவங்க யாருக்கும் அது தெரியல. ஆனா அவன் ஒரு பஸ்ஸுக்குக் கூடச் சொல்லாம விட்டதில்லையாம்.

...என்ன, ம் காணோம்? சரி சரி. கதைக்கும் கண்ணு சொருகிடுச்சு, உனக்கும் சொருகிடுச்சு. போர்வையை இழுத்துக்கோ. தூங்கு சாமி, தூங்கு.