தேனீக்கு நடுவுல உக்காந்தவர்

"ஏனுங்க சாமி, அன்னைக்கு நீங்க எதுக்கு ஓடுனீங்க?"

ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு சடையப்பன் கேட்டார். ரெண்டு நாளா தொண்டையில நின்ன கேள்வி.

"கொட்டுச்சு. ஓடுனேன்," ன்னாரு சாமி.

"நான் உக்காந்தே இருந்தேனுங்களே."

"ஆமாங்கண்ணே. அதனாலதான் நீங்க கட்டில்ல இருக்கீங்க. நான் ஸ்டூல்ல இருக்கேன்."

சடையப்பன் லாரி ஓட்டி ஓஞ்சவர். அவரோட குரு குப்பண்ண சாமி, வயசுல அவருக்குத் தம்பி மாதிரி. சடையப்பன் சீடனா சேந்த அன்னைக்கே அவர அண்ணேன்னு கூப்பிட்ட சாமி, அத மாத்திக்கவே இல்ல.

சாமியோட மலையடிவார ஆசிரமத்துல ஒரே ஒரு சட்டம்தான். தியானத்துல உக்காந்தா, மணி அடிக்கற வரைக்கும் அசையக் கூடாது.

அன்னைக்குப் பாறை மேல இருந்த பெரிய தேன்கூட்ட ஒரு பருந்து கலைச்சு விட்டுருச்சு. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்துச்சு. எல்லாரும் ஓடுனாங்க. மொத ஆளா ஓடுனது சாமி.

சடையப்பன் மட்டும் ஆடல, அசங்கல.

சாமி கம்பளியப் போத்திக்கிட்டுத் திரும்பி வந்து அவர இழுத்துட்டுப் போறதுக்குள்ள, உடம்புல கொட்டாத எடம் பாக்கியில்ல.

பக்கத்து ஊர்ல கொடுக்கெல்லாம் எடுத்து, ஊசி போட்டு அனுப்புனாங்க. வீக்கம் வத்துச்சு. சரியாப் போச்சுன்னுதான் நெனச்சாங்க.

மறுநாள் ஒண்ணுக்குப் போனா, கடுங்காப்பி நெறம்.

இதப் போயி சொல்றவன் சீடனான்னு சடையப்பன் வாயத் தொறக்கல. அடுத்து கக்கூசுக்குப் போன சாமி, தரையப் பாத்துட்டு நேரா வந்தாரு.

"வண்டியில ஏறுங்க."

"தியான நேரமுங்களே, சாமி."

"ஏறுங்கண்ணே."

டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சுத்தி வளைக்கல.

"இத்தன கொட்டு விஷம் சதையக் கரைச்சிருக்கு, ரத்தத்த ஒடச்சிருக்கு. அந்தக் கழிவு போயி கிட்னிய முடக்கிருச்சு. இப்ப மெஷின்தான் ரத்தத்தச் சுத்தம் பண்ணுது. தானா ஒண்ணுக்கு வர ஆரம்பிக்கணும்."

"வரலைன்னா?" ன்னாரு சாமி.

"வரணும்."

வரல. சடையப்பனுக்குக் கழுத்துல குழாய். மூஞ்சியெல்லாம் வீக்கம். குடிக்கற தண்ணியும் அளந்துதான். ஒரு சாயங்காலம் அவருக்கு மனசு விட்டுப் போச்சு.

"சாமி, நான் போயிருவனுங்களா?"

"தெரியலீங்கண்ணே."

"அப்ப ஒரு உபதேசம் சொல்லிருங்க. காதோட."

சாமி குனிஞ்சாரு. காதுகிட்ட வாய வெச்சாரு.

"ஒண்ணுக்கு முட்டுனா அடக்காமக் கூப்பிடுங்க."

"இதுங்களா உபதேசம்?"

"டாக்டரம்மா சொன்னது. எங்கிட்ட இதவிடப் பெருசா ஒண்ணும் இல்ல."

பக்கத்துக் கட்டில்காரர் போர்வைக்குள்ள சிரிச்சார். சடையப்பன் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

அப்புறம் ஒரு வாரம். மெஷின், ஊசி, மறுபடி மெஷின்.

ஒரு நாள் விடியக்காலம் ரெண்டு பேரும் தியானத்துல உக்காந்தாங்க. சடையப்பன் கட்டில் மேல. சாமி கீழ, கட்டிலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. மணிக்குப் பதிலா சாமியோட போன்ல அலாரம்.

பாதியில சடையப்பனுக்கு அடிவயித்துல என்னமோ இழுத்துச்சு.

கண்ணத் தொறந்தார். பொய்யா இருக்குமோன்னு பாத்தார். மறுபடி இழுத்துச்சு.

அலாரம் அடிக்கல. பல வருசப் பழக்கம், உடம்பு எந்திரிக்க மாட்டேங்குது. சாமி செலையாட்டம் உக்காந்திருக்காரு. தியானத்துல இருக்கறப்ப அவரத் தொட்ட ஆளு இன்னைக்கு வரைக்கும் கெடயாது.

சடையப்பன் கால நீட்டி, சாமி முதுகுல ஒரு ஒத விட்டார்.

"கேனப் புடிங்க சாமி."

சாமி துள்ளி எந்திரிச்சு, அளவுக் கேனோட கட்டிலுக்குக் கீழ முட்டி போட்டாரு.

மொதல்ல நாலு சொட்டு. அப்புறம் மெல்லிசா ஒரு கோடு. அப்புறம் வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி சத்தம். பக்கத்துக் கட்டில்காரர் எந்திரிச்சு உக்காந்துட்டார்.

சடையப்பனுக்குக் கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு.

"சாமி, குருவக் கால்ல ஒதச்சுட்டேனுங்களே. இந்தப் பாவத்த எங்க கொண்டு போயி..."

சாமி கேன்ல இருந்து கண்ண எடுக்கல.

"பேசாதீங்கண்ணே. வர்றது நின்னுரப் போகுது."