தாய்மாமன் போட்ட காசு மாலை

கூழாங்குளத்துக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். இருக்கிறது. அதைச் செலவழிக்க மனசு வராது, அவ்வளவுதான். ஊர்க்கமிட்டி என்று மூன்று பேர். தலைவர் தவசியப்பன், அவருடைய பங்காளி ஒச்சப்பன், இவர்கள் இருவருக்கும் எப்போதும் ஓரடி பின்னால் நிற்கிற சின்னாண்டி. இவர்களிடம் யாராவது ஒன்றைச் சொன்னால் அதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். ஊர் பயப்படுவதும் அதற்குத்தான்.

தவசியப்பனுக்கு அக்கா மகள் ஒருத்தி, செவ்வந்தி. டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். பாவம், அவளுக்கு இரண்டு கல்யாணம் முகூர்த்தம் வரை வந்து நின்றுபோயிருந்தது.

முதல் தடவை, மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே நிறுத்தி வரவேற்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். கமிட்டி நிறுத்தியது. பன்னீர் தெளித்தது, சந்தனம் நீட்டியது, கற்கண்டு கொடுத்தது, மறுபடியும் பன்னீர் தெளித்தது. உள்ளே விடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. முகூர்த்தம் முடிகிறவரை வாசலில் நின்று வரவேற்பை வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்த வேனிலேயே அவர்கள் திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது தடவை, சமையல்காரர் தான் வருகிறவரை அடுப்பை அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பளம் வாங்க டவுனுக்குப் போனார். பஸ்ஸைத் தவறவிட்டார். சாம்பார் தீய்ந்தது, அண்டா தீய்ந்தது, பந்தல் தீய்ந்தது. ஜனங்கள் ஓடிய பிறகும் சின்னாண்டி தனியாக உட்கார்ந்து விறகு போட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாவதாக அமைந்தவன் முத்திருளன். பக்கத்து ஊர், வயர்மேன் வேலை, மின்கம்பத்தில் ஏறி ஏறி அவனும் ஒரு கம்பி மாதிரியே இருப்பான். செவ்வந்திக்குப் பிடித்துவிட்டது. அவனுடைய அம்மா ஒய்யம்மாள் மட்டும் இந்த ஊரைப் பற்றி விசாரித்துவிட்டு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்குள் தாலி ஏறவில்லை என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து பாங்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

சாவடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஊரில் யாரும் வாங்குவதில்லையாம், அது தப்பு என்றார். நோட்டு ஒரு வருஷத்தில் கந்தலாகிவிடும், காசு முப்பது வருஷம் உழைக்கும் என்றார். கிளம்பும்போது, நோட்டு வைக்கிற இடத்தில் எல்லாம் இனிமேல் காசை வைத்துப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, போய்விட்டார். மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. பேசியது கூழாங்குளத்தில் என்பதுகூடத் தெரியாது.

கமிட்டி கூடியது.

"நோட்டு ஒரு வருஷங்கறார், காசு முப்பது வருஷங்கறார். யாரு கண்டா?" என்றார் தவசியப்பன்.

"ஒரு ஆளைப் போட்டுக் கண்டுற வேண்டியதுதான்," என்றார் ஒச்சப்பன்.

சின்னாண்டியைப் போட்டார்கள். சாவடி வாசலில் ஒரு கல்லின் மேல் ஒரு பத்து ரூபாய் நோட்டும் ஒரு பத்து ரூபாய்க் காசும் வைக்கப்பட்டன. இரண்டையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எது எப்போது வீணாகிறது என்று வந்து சொல்ல வேண்டும். சாயங்காலம் அவனுடைய பெண்டாட்டி வந்து, வீட்டுக்கு எப்போது விடுவீர்கள் என்று கேட்டாள். முப்பது வருஷம் ஆகும் என்றார்கள். அப்படியென்றால் மாசத்துக்கு ஒரு தடவை ரேஷன் கடையில் கைரேகை வைக்க மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அதைக் கமிட்டி தாராளமாக அனுமதித்தது.

மூன்றாம் நாள் ஓர் ஆடு வந்து நோட்டைத் தின்றது. சின்னாண்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நோட்டையும் காசையும் பார்க்கச் சொன்னார்களே தவிர ஆட்டைப் பார்க்கச் சொல்லவில்லை.

"மூணு நாள் தாங்கல," என்றார் தவசியப்பன் வருத்தத்தோடு. "அதிகாரி பெரிய மனுஷன், நம்ம மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வருஷம்னு கூட்டிச் சொல்லியிருக்கார். காசு என்னாச்சு?"

"அப்படியே இருக்கு. ஆடு மோந்து பாத்துச்சு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"அப்பச் சரி," என்றார் தவசியப்பன். அன்றைக்கே தண்டோரா போட்டாகிவிட்டது.

ஊர் முழுக்க நோட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காசை வைத்தார்கள். செல்போன் உறைக்குள் அவசரத்துக்கு ஒரு நோட்டு செருகி வைத்திருப்பார்களே, அங்கே காசைச் செருகினார்கள். உறை மூடவில்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், யார் கூப்பிட்டாலும் ரப்பர் பேண்டைக் கழற்றுவதற்குள் கட்டாகிப்போனது. தலையணைக்குள் வைத்தவர்கள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் சாமி படத்தில் செருகியிருந்த நோட்டை எடுத்துவிட்டுக் காசைச் செருகினார், ஒவ்வொரு வளைவிலும் அது மூக்கில் வந்து விழுந்தது. சாமி கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டார். பத்து நிமிஷத்தில் போகிற டவுனுக்கு முக்கால் மணி நேரம்.

செவ்வந்தி இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்தால் தப்பித்தோம் என்றிருந்தாள். அப்போதுதான் மாலை விஷயம் காதில் விழுந்தது.

அந்தப் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளைக்குப் பண மாலை போடுவது வழக்கம். புதுப் பத்து ரூபாய் நோட்டுகளை விசிறி மாதிரி மடித்து, வரிசையாகப் பின் குத்தி, முழங்கால் வரை தொங்கவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் தாலி கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் கழற்றினால் அபசகுனம். இரண்டு கல்யாணத்தில் மாலை போடக் கொடுத்துவைக்காத ஆதங்கத்தில், இந்தத் தடவை ரெண்டாயிரத்தொரு நோட்டில் மாலை போடுவதாகத் தவசியப்பன் நேர்ந்திருந்தார். இப்போது ரெண்டாயிரத்தொரு நோட்டையும் பாங்கில் கொடுத்துக் காசாக வாங்கி வந்திருந்தார். ஒச்சப்பன் பின்னைக் காசில் குத்திப் பார்த்து நாலு டப்பா பின்னை வளைத்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு காசையும் சிவப்புத் துணியில் முடிந்து கிணற்றுக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, மாலைக்கு நோட்டுத்தான் மாமா," என்றாள் செவ்வந்தி.

"நோட்டு வைக்கிற இடத்துல எல்லாம்னு சொன்னாரும்மா. மாலையை விட்டுட்டுன்னு சொல்லலையே."

"பதினஞ்சு கிலோ வரும் மாமா. அவரே அம்பத்திரண்டு கிலோதான்."

தவசியப்பன் விரல் விட்டுப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளைதானே ஜாஸ்தி," என்றார்.



கல்யாணத்தன்று ஒன்பதரைக்கு மாலை வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி மாப்பிள்ளை கழுத்தில் போட்டார்கள். உட்கார்ந்திருந்த முத்திருளனின் தலை நேராக மாமன் காலடிக்குப் போனது. என்ன ஒரு பணிவு என்று சபை உருகிப்போய்விட்டது. தவசியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசீர்வாதம் செய்தார். பத்து மணி வரைக்கும் அவன் நிமிரவில்லை. அதற்குப் பிறகுதான் இது பணிவு இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

ஒய்யம்மாள் எழுந்து மணிக்கூண்டு மாதிரி நின்றாள். மாலையைக் கழற்றச் சொல்ல அவளுக்கும் பயம், அபசகுனம் யாருக்கும் அபசகுனம்தான். "மணி பத்து. நான் சொன்னது சொன்னதுதான்," என்று மட்டும் சொன்னாள்.

பூசாரி யோசனை சொன்னார். ஆளுக்கொரு பக்கம் மாலையைத் தூக்கிப் பிடித்தால் மாப்பிள்ளை நிமிர்ந்துவிடுவார். ஒச்சப்பனும் சின்னாண்டியும் தூக்கிப் பிடித்தார்கள். முத்திருளன் நிமிர்ந்தான். ஆள் சிவந்து போயிருந்தான், ஆனாலும் செவ்வந்தியைப் பார்த்துச் சிரித்தான், தாலியைக் கையில் வாங்கினான். பூசாரி சபையைப் பார்த்து, எல்லாரும் அட்சதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எல்லாரும் என்றால் எல்லாரும்தானே? ஒச்சப்பனும் சின்னாண்டியும் மாலையை விட்டுவிட்டு அட்சதை எடுத்துக்கொண்டார்கள்.

முத்திருளன் நெற்றி மணையில் மோதிய சத்தத்தைக் கெட்டிமேளம் என்று நினைத்துப் பாதிப் பேர் அட்சதையைப் போட்டுவிட்டார்கள். மணி பத்து இருபது. தூக்கிப் பிடித்த இரண்டு பேருக்கும் கை மரத்துவிட்டது, இனி தூக்க முடியாது. பூசாரி, அப்படியென்றால் பெண் கொஞ்சம் குனியட்டும் என்றார். செவ்வந்தி குனிந்தாள். மாப்பிள்ளை அதைவிடக் கீழே இருந்தான். இன்னும் குனிந்தாள். காசு முடிச்சுகள் அவள் கொண்டையில் இடித்தனவே தவிரக் கழுத்து எட்டவில்லை. மூலையில் ஒய்யம்மாள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

செவ்வந்தி பார்த்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மணை மேல் மல்லாந்து படுத்தாள். அவள் கழுத்து அவன் கைக்கு நேர் கீழே வந்தது.

"கட்டுங்க," என்றாள்.

"ஒண்ணும் தெரியலையே," என்றான் முத்திருளன் காசுகளுக்குள்ளிருந்து.

"தடவிக் கட்டுங்க. மூணு முடிச்சு. சீக்கிரம்."

தடவிக் கட்டினான். பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. ஒய்யம்மாள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். மேளக்காரர்களும் அழுதார்கள், முன்னே இரண்டு தடவையும் கூலி இல்லாமல் வெறும் பாக்கு வெற்றிலையோடு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான்.

இனி மாலையைக் கழற்றலாம் என்று தூக்கினார்கள். செவ்வந்தியும் சேர்ந்து வந்தாள். தடவிக் கட்டியதில் தாலிக்கயிறு கிணற்றுக் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சாக விழுந்திருந்தது.

தாலியை அவிழ்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிணற்றுக் கயிற்றை அறுங்கள் என்றாள் செவ்வந்தி. தாய்மாமன் மாலையை அறுப்பது உறவை அறுப்பது மாதிரி என்று தவசியப்பன் கண் கலங்கினார். ஒச்சப்பன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சாமியானாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாலை எதனால ஆனது? காசால. காசை என்ன பண்ணுவோம்? செலவழிப்போம். செலவழிச்சுட்டா கனம் போச்சு."

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கயிற்றில் தலை கொடுத்து, உழவுக்குப் போகிற ஜோடி மாதிரி கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். பின்னால் மேளம். முதலில் டீக்கடை. இரண்டு டீ குடித்துவிட்டு இரண்டு காசை அவிழ்த்துக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் பதறிப்போனார். கல்யாண ஜோடியிடம் காசு வாங்குவதா? இரண்டையும் திருப்பிக் கொடுத்து, தன் மொய்யாகப் பத்துக் காசும் கொடுத்தார். ஊரில் இப்போது நோட்டு ஏது? தவசியப்பன் பன்னிரண்டையும் வாங்கி மாலையில் கட்டினார்.

"மாமா, மொய்யைப் பையில போடுங்க," என்றாள் செவ்வந்தி.

"மொய்யை மாப்பிள்ளை கையிலதாம்மா கொடுக்கணும். அவர் கை ரெண்டும் மாலையைத் தாங்கிக்கிட்டிருக்கு. மாலையில கட்டிட்டா அவர்கிட்ட சேந்த மாதிரிதானே?"

பெட்டிக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார்கள், மாலை பதினைந்து காசு கனத்தது. வளையல் கடையில் இருபது. சைக்கிள் கடைக்காரர் ஒன்றுவிட்ட சித்தப்பா முறை, ஐம்பது கட்டச் சொன்னார். இப்போது முத்திருளன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

"செவ்வந்தி," என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு. "உங்க ஊர்ல இன்னும் எத்தனை கடை?"

"நாலு."

"அப்புறம்?"

"அப்புறம் சொந்தக்காரங்க வீடு."

ஒச்சப்பன் மறுபடியும் நெற்றியைச் சுருக்கினார். ஜோடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இந்தத் தடவை முகமே மலர்ந்துவிட்டது. கனமெல்லாம் முன்பக்கமே தொங்குகிறது, அதனால்தான் முன்பக்கமாகச் சாய்கிறார்கள், பின்பக்கமும் அதே அளவு கட்டிவிட்டால் இரண்டு பேரும் தானாக நிமிர்ந்துவிடுவார்கள் என்றார். தவசியப்பன் அவரைக் கட்டிக்கொண்டார். மொய் எழுதாதவர்களை எல்லாம் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தார்கள். முதுகுப்பக்கம் ஒரு கயிறு கட்டி, வந்த காசை எல்லாம் அதில் முடிந்தார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு முத்திருளனும் செவ்வந்தியும் மெதுவாக நிமிர்ந்தார்கள். ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது. நிமிர்ந்தார்கள், நேராக நின்றார்கள், கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்படியே நேரைத் தாண்டிப் பின்பக்கம் போய் மல்லாந்து விழுந்தார்கள்.

"முன்னால இன்னும் பத்துக் காசு கட்டு," என்றார் தவசியப்பன் சின்னாண்டியிடம்.